குளிரூட்டி வெளியே வீசும் வெப்பம் வீணாகலாமா?

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். படுக்கையறையில் ஒரு குளிரூட்டி, அதாவது நாம் பேச்சுவழக்கில் சொல்லும் ஏர்கோன். அதன் வெளிப்பெட்டி சுவருக்கு அப்பால் ஒரு சிறு மேடையில் நின்று, சூடான காற்றை இரவு முழுவதும் வெளியே தள்ளுகிறது. அந்த மேடையிலிருந்து சில அடி தூரத்தில் குளியலறை. அங்கே சுவரில் ஒரு வாட்டர் ஹீட்டர். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் குளிக்க, அது மின்சாரத்தை எரித்து நீரைச் சூடாக்குகிறது.

ஒரு பக்கம் வெப்பத்தை வெளியே எறிய மின்சாரம் செலவிடுகிறோம். அடுத்த அறையிலேயே வெப்பத்தை உண்டாக்க மீண்டும் மின்சாரம் செலவிடுகிறோம். இரண்டுக்கும் ஒரே மீட்டர், ஒரே பில். இதை யாரும் விசித்திரமாக எண்ணுவதில்லை.

குளிரூட்டி என்பது குளிரை உண்டாக்கும் இயந்திரம் அல்ல, வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றும் பம்பு. நம் நாட்டில் அந்தப் பம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தி, மறுபக்கத்தைச் சந்தில் கொட்டிவிடுகிறோம். எல்லா வீட்டிலும் உடனே அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், இனி கட்டப்படும் கட்டடங்களிலும் இனி வரும் சட்டதிட்டங்களிலும் அந்த மறுபக்கம் கணக்கில் வர வேண்டும் என்பது என் கருத்து. அது ஏன் நியாயம், எங்கே சாத்தியம், எங்கே சாத்தியமில்லை என்று பார்ப்போம். அதற்கு முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு பாகங்கள், ஒரே சுற்று

படிவம் 4 இயற்பியலில் ‘ஹாபா பெண்டாம்’ என்று படிக்கிறீர்களே, அந்த உள்ளுறை வெப்பம்தான் குளிரூட்டியின் உயிர். ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியிருப்பதிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆவி மீண்டும் திரவமாகும்போது அதே வெப்பத்தை வெளியே விடும். மழையில் நனைந்த சட்டையோடு மோட்டார் சைக்கிளில் போனால் உடல் நடுங்குவது இதனால்தான்.

தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் 100 பாகையில் கொதிக்கும். இன்று வீட்டுக் குளிரூட்டிகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-32 என்ற வாயு, அதே அழுத்தத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 52 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும். சுமார் 11 பார் அழுத்தத்தில் ஆர்-32 ஏறத்தாழ 10 பாகையில் கொதிக்கும். சுமார் 28 பார் அழுத்தத்தில் 45 பாகையில் கொதிக்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், முழுக் கதையும் அவற்றில் அடங்கிவிடும்.

அறைக்குள் இருக்கும் சுருளில் வாயு 11 பார் அளவில் இருக்கிறது. 27 பாகை அறைக்காற்று அதன்மேல் வீசும்போது, 10 பாகைத் திரவம் கொதித்து ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்பிரஸர் இழுத்து 28 பாருக்கு அமுக்குகிறது. அமுக்கப்பட்ட ஆவி மிகச் சூடாகி வெளிப்பெட்டியின் சுருளுக்குப் போகிறது. வெளியே 33 பாகை வெயில் இருந்தாலும், 45 பாகையில் இருக்கும் ஆவிக்கு அது குளிர்ந்த காற்றுதான். ஆகவே ஆவி தன் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஒரு குறுகிய வழியில், நுண்குழாயிலோ விரிவு வால்விலோ புகுந்து வரும்போது அழுத்தம் திடீரென்று குறைகிறது. மீண்டும் 11 பார், மீண்டும் 10 பாகை. சுற்று மறுபடி தொடங்குகிறது.

கம்பிரஸர், வெளிச்சுருள், விரிவு வால்வு, உட்சுருள். நான்கே பாகங்கள்தாம். வாயுக்கள் மாறிவந்துள்ளன. ஓசோன் படலத்தைக் கெடுத்த ஆர்-22 வாயு உள்ள 2.5 எச்பிக்குக் குறைந்த குளிரூட்டிகளைச் செய்வதற்கும் இறக்குமதி செய்வதற்கும் மலேசியா 2015 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. ஆனால், இந்த நான்கு பாகச் சுற்று அப்படியேதான் இருக்கிறது.

சுற்றைத் திருப்பினால்

இப்போது ஒரு கேள்வி. உட்சுருளையும் வெளிச்சுருளையும் இடம் மாற்றிவிட்டால் என்ன ஆகும்? வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து அறைக்குள் விடும். அதாவது குளிரூட்டி சூடேற்றியாக மாறிவிடும். கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன், இத்தகைய இயந்திரத்தால் கட்டடங்களைச் சூடேற்றவும் குளிர்விக்கவும் முடியும் என்று 1852-லேயே எழுதினார். 1938-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடத்தில், பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடேற்றும் வெப்ப பம்பு பொருத்தப்பட்டது. குளிர்ந்த ஆற்று நீரில் வெப்பம் ஏது என்று கேட்காதீர்கள். 5 பாகை நீரிலும் வெப்ப ஆற்றல் உண்டு. அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவத்தைக் காட்டினால் அது வந்துவிடும்.

சுருள்களைக் கழற்றி மாற்ற வேண்டியதில்லை. நான்குவழி வால்வு என்ற ஒரு பித்தளை உருளை போதும். அதன் ஒரு பக்கத்தில் ஒரு குழாய், மறுபக்கத்தில் மூன்று குழாய்கள். தனியாக இருக்கும் குழாயில் கம்பிரஸரிலிருந்து சூடான ஆவி வரும். மூன்றில் நடுக்குழாய் எப்போதும் கம்பிரஸருக்குத் திரும்பிப் போகும். இரு ஓரக் குழாய்களில் ஒன்று உட்சுருளுக்கும் மற்றது வெளிச்சுருளுக்கும் செல்லும். உள்ளே ஒரு சறுக்குக் கட்டை. அது இடப்பக்கம் நகர்ந்தால் ஒரு பாதை, வலப்பக்கம் நகர்ந்தால் எதிர்ப்பாதை. கட்டையை நகர்த்தும் பலத்தைக் கம்பிரஸர் உண்டாக்கும் அழுத்த வேறுபாடே தருகிறது. மின்காந்தம் ஒன்று சிறு குழாய்களின் வழியைத் திறந்து மூடினால் போதும். கம்பிரஸர் எப்போதும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. வாயு மட்டும் திசை மாறுகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் திசையைத் திருப்பியதும் வடிவமைப்பாளருக்குத் தலைவலி தொடங்குகிறது.

முதலாவது, விரிவு வால்வு. வெயில் நாளில் குளிர்விக்கும்போது ஓடும் வாயுவின் அளவு அதிகம். குளிர்நாட்டில் வெளியே 7 பாகை இருக்கையில் சூடேற்றும்போது அது குறைவு. ஒரே நுண்குழாய் இரண்டுக்கும் பொருந்தாது. அதனால் சூடேற்றும் திசைக்கு மட்டும் கூடுதலாக ஒரு நுண்குழாயை வைத்து, குளிர்விக்கும் திசையில் அதைத் தாண்டிப் போக ஒருவழி வால்வு வைப்பார்கள். அல்லது இரு திசையிலும் வேலை செய்யும் மின்னணு விரிவு வால்வைப் பொருத்துவார்கள்.

இரண்டாவது, வாயுவின் அளவு. வெளிச்சுருள் பெரிது, உட்சுருள் சிறிது. திரவம் சேரும் இடம் வெளிச்சுருளாக இருக்கும்போது தேவைப்படும் வாயு, உட்சுருளாக மாறும்போது மிஞ்சிவிடும். மிஞ்சிய திரவம் கம்பிரஸருக்குள் புகுந்தால் கம்பிரஸர் உடைந்துபோகும். திரவத்தை அமுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, கம்பிரஸருக்கு முன்னால் திரவத்தைத் தடுத்து நிறுத்த ஒரு சேமிப்புக் குடுவை வேண்டும்.

மூன்றாவது, சுருளுக்குள் ஓட்டத் திசை. வாயுவும் காற்றும் எதிரெதிராக ஓடினால் வெப்பம் நன்றாக மாறும். குளிர்விக்கும்போது எதிரெதிராக ஓடும்படி சுருளை அமைத்தால், திருப்பியதும் இரண்டும் ஒரே திசையில் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு வேலைகளில் எதற்குச் சலுகை தருவது என்று வடிவமைப்பாளர் முடிவெடுக்க வேண்டும்.

நான்காவது, உறைபனி. குளிர்நாட்டில் சூடேற்றும்போது வெளிச்சுருள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். அவ்வப்போது சில நிமிடங்கள் சுற்றைக் குளிர்விக்கும் திசைக்குத் திருப்பி, சூடான ஆவியால் அந்தப் பனியை உருக்க வேண்டும்.

ஐந்தாவது, வால்வே செய்யும் இழப்பு. மிகச் சூடான ஆவியும் குளிர்ந்த ஆவியும் ஒரே பித்தளை உருளைக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. கொஞ்சம் வெப்பம் கசியும், கொஞ்சம் அழுத்தம் குறையும். திருப்பும் வசதியை ஒருநாளும் பயன்படுத்தாதவருக்கும் இந்த இழப்பு உண்டு.

இந்த ஐந்தையும் பார்த்தால், பெட்டாலிங் ஜெயாவில் நாம் குளிர்விக்க மட்டுமே தெரிந்த குளிரூட்டியை வாங்குவது சரிதான் என்று புரியும். இரவிலும் 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில், அறையைச் சூடேற்றும் வால்வு வீண்செலவு. கேமரன் மலையின் கதை வேறு. மலேசியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 பாகை பதிவானது அங்கேதான், 1978 பிப்ரவரியில். அங்குள்ள தங்கும் விடுதிக்குத் திரும்பும் சுற்று பொருத்தமாக இருக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கு வேலையில்லை.

ஆனால் ‘நமக்கு அறையைச் சூடேற்ற வேண்டாம்’ என்பது வேறு, ‘நமக்கு வெப்பமே வேண்டாம்’ என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டதுதான் தவறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கடையில் ‘1 எச்பி ஏர்கோன்’ என்பார்கள். அது மோட்டாரின் திறனைக் குறிப்பதில்லை, பழகிப்போன ஒரு விற்பனை அளவு. அதன் குளிர்விக்கும் திறன் மணிக்குச் சுமார் 9,000 பி.டி.யு., அதாவது ஏறத்தாழ 2.6 கிலோவாட். முழு வேகத்தில் அது சுமார் 0.8 கிலோவாட் மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அறையிலிருந்து எடுத்த வெப்பமும் கம்பிரஸர் செலவிட்ட மின்சாரமும் சேர்ந்து வெளியே போயாக வேண்டும். ஆற்றல் அழியாது அல்லவா? ஆகவே, வெளியே வீசப்படும் வெப்பம் 2.6 + 0.8 = 3.4 கிலோவாட்.

இப்போது குளியலறைக்கு வாருங்கள். அங்கே தொங்கும் வாட்டர் ஹீட்டரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பல வீடுகளில் அது 3.6 கிலோவாட் அளவில் இருக்கும். ஒரு கருவி வெளியே கொட்டுவதும் இன்னொரு கருவி உள்ளே உண்டாக்குவதும் ஏறத்தாழ ஒரே அளவு.

ஒருவர் குளிக்க 40 லிட்டர் நீர் தேவை, அதை 28 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க வேண்டும் என்று கொள்வோம். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு 4.2 கிலோஜூல். 40 × 4.2 × 12 = 2,016 கிலோஜூல். 3,600 கிலோஜூல் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. எனவே, ஒரு குளியலுக்கு 0.56 யூனிட். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 2.24 யூனிட். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 818 யூனிட். உங்கள் வீட்டு பில்லில் ஒரு யூனிட்டின் விலை என்ன என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி இரவெல்லாம் ஓடும் குளிரூட்டி. அறை குளிர்ந்த பிறகு இன்வெர்ட்டர் கம்பிரஸர் மெதுவாக ஓடும். சராசரியாக 1.9 கிலோவாட் வெப்பத்தை வெளியே விடுகிறது என்று குறைத்தே வைத்தாலும், 8 மணி நேரத்தில் 15 யூனிட்டுக்கு மேல். குடும்பம் முழுவதும் குளிக்கத் தேவையானதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பம் விடிவதற்குள் சந்தில் கரைந்துவிடுகிறது. நேரமும் பொருந்துகிறது. இரவில் வெப்பம் சேர்கிறது, காலை ஆறு மணிக்கு வெந்நீர் வேண்டும்.

இதற்குக் குளிர்பதனச் சுற்றில் என்ன மாற்றம் வேண்டும்? இரண்டு வழிகள் உண்டு. கம்பிரஸரிலிருந்து வரும் ஆவி, திரவமாகத் தொடங்கும் 45 பாகையைவிட மிகச் சூடாக, 70 பாகைக்கு மேலும் இருக்கும். அந்த மிகைச்சூட்டை மட்டும் எடுக்க, கம்பிரஸருக்கும் வெளிச்சுருளுக்கும் இடையே ஒரு சிறிய வெப்பமாற்றியைப் பொருத்தி அதன் வழியே நீரை விடலாம். மொத்த வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டும் இப்படிக் கிடைத்தாலே, மேலே போட்ட கணக்கின்படி இரவில் 2.5 யூனிட் வந்துவிடும். குடும்பத்துக்கு அதுவே போதும். இன்னொரு வழி, வெளிச்சுருளுக்கு மாற்றாக நீரால் குளிரும் ஒரு முழு வெப்பமாற்றியை வைத்து, நீர்த்தொட்டி சூடாகும்வரை அதற்கும், சூடான பிறகு வெளிச்சுருளுக்கும் ஆவியைத் திருப்பிவிடுவது. இங்கே சுற்றைத் தலைகீழாகத் திருப்பவில்லை, வெப்பம் போய்ச்சேரும் இடத்தைத்தான் மாற்றுகிறோம். ஆனால், சற்று முன் பார்த்த அதே சிக்கல்கள், குறிப்பாக மிஞ்சும் திரவமும் விரிவு வால்வின் அளவும், இங்கேயும் வந்து நிற்கும். திரும்பும் சுற்றைப் புரிந்துகொண்டவர்தான் இதையும் சரியாக வடிவமைக்க முடியும்.

எதிர்வாதங்களும் உண்மைதான்

இவ்வளவு நல்ல யோசனை என்றால் ஏன் எல்லார் வீட்டிலும் இல்லை? நியாயமான கேள்வி. பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

முதல் தடை, வெப்பம் இலவசம் அல்ல என்பது. நீரை எவ்வளவு சூடாக்க விரும்புகிறோமோ அவ்வளவு கம்பிரஸர் உழைக்க வேண்டும். இயற்கை விதிக்கும் உச்ச வரம்பைக் கார்னோவின் சூத்திரம் சொல்கிறது. உட்சுருள் 10 பாகை, அதாவது 283 கெல்வின். வெளியே 45 பாகை, 318 கெல்வின். 283-ஐ வேறுபாடான 35-ஆல் வகுத்தால் 8.1. ஒரு பங்கு மின்சாரத்துக்கு அதிகபட்சம் 8.1 பங்கு வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கலாம் என்பது பொருள். நிஜ இயந்திரம் இதில் பாதியை எட்டினாலே பெரிது. முழு ஆவியையும் 60 பாகையில் திரவமாக்க வேண்டும் என்றால் 283-ஐ 50-ஆல் வகுக்க வேண்டும். விடை 5.7 மட்டுமே. அறையைக் குளிர்விக்கும் திறன் முப்பது சதவீதம் அடிபடும். ஆகவே, குளிக்கத் தேவையான 40 பாகையோடு நிற்பதே புத்திசாலித்தனம்.

அங்கே இரண்டாவது தடை வருகிறது. வெதுவெதுப்பான நீரைத் தொட்டியில் தேக்கிவைத்தால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். அது நுரையீரலைத் தாக்கக்கூடியது. அதனால்தான் தேக்கும் வெந்நீரை 60 பாகையில் வைக்கச் சொல்கிறார்கள். குறைந்த சூடு இயந்திரத்துக்கு நல்லது, அதிகச் சூடு ஆரோக்கியத்துக்கு நல்லது. இந்த முரணுக்கு ஒரு தீர்வு உண்டு. தொட்டியில் இருக்கும் நீரைக் குளிக்கப் பயன்படுத்தாமல், அதற்குள் ஒரு சுருள்குழாயை வைத்து, புதிய குழாய்நீர் அதன் வழியே ஓடிச் சூடாகி வரும்படி செய்யலாம். தேங்கும் நீர் வேறு, குளிக்கும் நீர் வேறு.

மூன்றாவது, இடமும் விலையும். தொட்டி வைக்க இடம் வேண்டும். வெப்பமாற்றி, பம்பு, வால்வு எல்லாம் சேர்ந்தால் சுவரில் மாட்டும் வாட்டர் ஹீட்டரைவிடப் பல மடங்கு விலையாகும். வெயில் நாளில் வெந்நீரே வேண்டாம் என்று பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்குச் சேமிப்பு ஒன்றுமில்லை.

நான்காவது, கசிவு. சுற்றில் ஒவ்வொரு புதிய இணைப்பும் வாயு கசியக்கூடிய ஒரு புதிய இடம். ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-32, சுமார் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை மலேசியா 2020-ல் ஏற்றது. வெந்நீர் பெறப்போய் வாயுவைக் கசியவிட்டால் நன்மை நஷ்டமாகிவிடும்.

இந்த நான்கையும் ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் உங்கள் தந்தையிடம் போய் நாளைக்கே வீட்டுக் குளிரூட்டியை மாற்றச் சொல்லுங்கள் என்று நான் எழுதவில்லை. ஏற்கெனவே கட்டிய சிறிய வீட்டில் இது கட்டுப்படியாகாது. ஆனால் குளிரும் வெந்நீரும் ஒரே கூரையின் கீழ், ஒவ்வொரு நாளும், பெரிய அளவில் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. தங்கும் விடுதி, மருத்துவமனை, மாணவர் விடுதியான அஸ்ராமா, பாத்திரம் கழுவ நாள் முழுவதும் வெந்நீர் வேண்டியிருக்கும் பெரிய உணவகம். இங்கே தொட்டிக்கு இடம் உண்டு, பராமரிக்க ஆள் உண்டு, போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்ப வரும். இத்தகைய புதிய கட்டடங்களில் குளிரூட்டும் வெப்பத்தை மீட்காமல் தனியாக மின்சாரத்தாலோ கேஸாலோ நீரைச் சூடாக்குவதற்கு, ‘இத்தனை நாள் அப்படித்தான் செய்தோம்’ என்பதைத் தவிர வேறு பதில் இருக்கிறதா?

பம்பின் இரு பக்கங்களையும் பயன்படுத்துவது கனவல்ல என்பதற்குக் கடைகளிலேயே சாட்சி இருக்கிறது. வெப்ப பம்பு வகைத் துணி உலர்த்தியைப் பாருங்கள். அதே நான்கு பாகங்கள். குளிர்ந்த சுருள், துணியிலிருந்து வந்த ஈரக்காற்றின் ஈரத்தைத் தண்ணீராக வடிக்கிறது. சூடான சுருள் அதே காற்றைச் சூடாக்கி மீண்டும் துணிக்கு அனுப்புகிறது. இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, எதுவும் சந்துக்குப் போவதில்லை.

சட்டமும் அளவுகோலும்

நம் நாட்டில் குளிரூட்டியின்மேல் ஒட்டப்படும் நட்சத்திர முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். எரிசக்தி ஆணையத்தின் அந்த முத்திரை மிகவும் பயனுள்ளது. அதைப் பார்த்து வாங்குபவர் ஆண்டுதோறும் பணம் மிச்சப்படுத்துகிறார். ஆனால் அது அளப்பது, செலவிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் கிடைத்தது என்பதை மட்டுமே. மீட்கப்பட்ட வெப்பத்துக்கு அதில் மதிப்பெண் இல்லை. எதை அளக்கிறோமோ அதைத்தான் தயாரிப்பாளர் மேம்படுத்துவார். இது தேர்வில் வரும் பாடத்தை மட்டும் மாணவர் படிப்பதைப் போன்றது.

2024-ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. பெரிய அளவில் எரிசக்தி பயன்படுத்துவோரும் பெரிய கட்டடங்களும் தங்கள் பயன்பாட்டைக் கணக்கெடுத்துச் சீராக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: ‘இந்தக் கட்டடம் எவ்வளவு வெப்பத்தை வெளியே எறிகிறது, எவ்வளவு வெப்பத்தைத் தனியாக உண்டாக்குகிறது?’ இரண்டு எண்களும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வந்துவிட்டால், மேலாளர் தாமாகவே யோசிக்கத் தொடங்குவார்.

புதிய அடுக்குமாடிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிப்பெட்டி மேடையையும் குளியலறையையும் அடுத்தடுத்து அமைத்து, இடையே சுவரில் ஒரு குழாய்வழியை மட்டும் விட்டுவைக்கலாம். கட்டும்போது அதற்கு ஆகும் செலவு அற்பம். கட்டிய பிறகு சுவரை உடைப்பதுதான் பெருஞ்செலவு. இன்று யாரும் பயன்படுத்தாவிட்டாலும், பத்து ஆண்டு கழித்து விலை குறையும்போது வழி தயாராக இருக்கும்.

இது ஏன் உங்களுக்கான செய்தி

குளிரூட்டித் தொழில் எங்கோ ஜப்பானில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து சிறிது தூரத்தில், சுங்கை பூலோவில் ஓ.ஒய்.எல். என்ற மலேசிய நிறுவனம் குளிரூட்டிகளைச் செய்து உலகெங்கும் விற்று வந்தது. அதை ஜப்பானின் டைக்கின் 2006-ல் வாங்கியது. ஷா ஆலமில் மட்சுஷிதா நிறுவனம், இன்றைய பானாசோனிக், 1970களிலிருந்து குளிரூட்டிகளைச் செய்து வருகிறது. ஐரோப்பிய வீடுகளைச் சூடேற்றும் வெப்ப பம்புகளும் மலேசியாவில் செய்யப்பட்டு ஏற்றுமதியாகியுள்ளன. குளிர்காலமே இல்லாத நாட்டில், பனிநாட்டுக்கான இயந்திரத்தைச் செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன. அந்தத் திறமையைக் கொண்டு நம் வெப்பமண்டலத்துக்கு ஏற்ற சுற்றையும் வடிவமைக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர் நமக்காக அதைச் செய்து தருவார் என்று காத்திருக்க முடியாது. அவர்களுக்குக் குளிரும் வெந்நீரும் ஆண்டு முழுவதும் ஒன்றாகத் தேவைப்படுவதில்லை. நமக்குத்தான் தேவைப்படுகிறது.

இதில் எல்லாரும் பல்கலைக்கழகப் பொறியாளராக வேண்டும் என்பதில்லை. வாயு கசியாமல் குழாயை இணைப்பவர், குழாய்க்குள் இருக்கும் காற்றை வெற்றிட பம்பால் முழுவதும் வெளியேற்றிய பிறகே வாயுவைத் திறந்துவிடுபவர், பழைய வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் மீட்டெடுப்பவர், இவர்கள் கையில்தான் எந்த நல்ல வடிவமைப்பும் உயிர் பெறும். தொழிற்கல்லூரிகளிலும் பயிற்சிக் கழகங்களிலும் குளிர்பதனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற வாய்ப்பு இருக்கிறது. ‘ஏர்கோன் கழுவும் வேலைதானே’ என்று அதைத் தாழ்த்திப் பேசும் பழக்கத்தை நாம் விட வேண்டும். வெப்ப இயக்கவியலைக் கையால் செய்து காட்டும் வேலை அது.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீட்டுக் குளிரூட்டியின் பெயர்ப்பலகையில் குளிர்விக்கும் திறனையும் மின்சார அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டுங்கள், அதுதான் நீங்கள் வெளியே எறியும் வெப்பம். வாட்டர் ஹீட்டரின் அளவை அதன் பக்கத்தில் எழுதுங்கள். வெளிப்பெட்டிக்கும் குளியலறைக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று வீட்டுக்குள்ளிருந்தே அளந்து பாருங்கள். பெட்டியைத் திறக்கவோ மேடையில் ஏறவோ வேண்டாம். உள்ளே உயர் அழுத்தம் இருக்கிறது, ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியதும்கூட. பிறகு அந்தத் தாளை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டி, ‘இந்த இரண்டையும் இணைத்தால் என்ன?’ என்று கேளுங்கள். அவர் எதிர்வாதம் சொல்வார். சொல்லட்டும். அந்த எதிர்வாதம் ஒவ்வொன்றும் உங்களில் ஒருவர் தீர்க்கவேண்டிய ஒரு வடிவமைப்புக் கணக்கு.